பல் கூசுது

வாஷிங் மெஷினுக்கும் துணி அலமாரிக்கும் நடுவில் ஒரு சின்ன மேசை நுழைகிற அளவுக்கு இடம் இருந்தது. அதுதான் அவளுடைய ஆபீஸ். பின்சுவர் எதிரொலிக்கக் கூடாதென்று ஒரு பழைய கம்பளியை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். மேசைமேல் கம்ப்யூட்டர், தண்ணீர் பாட்டில், பஞ்சு கிழிந்த இடத்தில் பிளாஸ்திரி ஒட்டிய ஹெட்செட். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வீடு போய்ச் சேருகிற நேரத்துக்கு அவளும் முகம் கழுவித் தலைவாரி, கம்பளிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவாள். உட்கார்ந்த பிறகு அவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. கதவு அத்தை.

வேலை அப்படி. ‘கும்மாளம்’ என்று ஒரு மென்பொருள். பிள்ளைகள் அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒன்றுகூடிப் பாட்டும் படமும் செய்வதற்கென்று ஒரு கம்பெனி உண்டாக்கியது. திரையில் ஓர் அறை, அறைக்கு வெளியே காத்திருக்க ஓர் இடம். வந்து நிற்பது நம் பிள்ளைதானா என்று பார்த்து உள்ளே விடுவது, சண்டை வந்தால் விலக்குவது, சொந்தப் பெயரையோ வீட்டு முகவரியையோ யாராவது உளறினால் துடைப்பது, செய்து முடித்த பாட்டை முழுசாக ஒரு தடவை கேட்டுவிட்டு மேலே அனுப்புவது எல்லாம் அவள் பாடு. கம்பெனி அந்தப் பதவிக்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருந்தது. “கதவு திறந்து விடுறவங்கதானே?” என்று கேட்டுப் பிள்ளைகள் அதைச் சுருக்கிவிட்டார்கள்.

அதற்கு முன்னால் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேசையில் பல வருஷம் இருந்தாள். உள்ளே மெஷின் சத்தம் கேட்டதும் வெளியே அழ ஆரம்பிக்கிற பிள்ளைகளை மடியில் இழுத்து உட்காரவைத்து, அது பல்லுக்குள்ளே இருக்கிற பூச்சி போடுகிற கூச்சல் என்று சொல்லிச் சிரிக்கவைப்பாள். டாக்டர் தன் மகனோடு போய் இருக்கிறேன் என்று கிளம்பியதும் வேலை போனது. கும்மாளத்துக்கு ஆள் எடுத்தபோது, பிள்ளைகளைச் சமாளிப்பீர்களா என்று கேட்டார்கள். “பல் பிடுங்க வந்த பிள்ளைங்களையே சிரிக்க வெச்சு உள்ளே அனுப்பியிருக்கேன். பாட வர்ற பிள்ளைங்க என்ன பெரிய விஷயம்?” என்றாள். அங்கேயே எடுத்துக்கொண்டார்கள்.

பிள்ளைகளுக்கென்று அவளிடம் ஒரு குரல் இருந்தது. பல் டாக்டரிடம் பழகியது. கொஞ்சம் மேலே தூக்கி, ஓரங்களை மழித்து, தேன் தடவின குரல். ஹெட்செட்டை மாட்டும்போது அந்தக் குரலையும் சேர்த்து மாட்டிக்கொள்வாள். வீட்டுக் குரல் வேறு. அது கட்டை, குக்கரை அணை, துண்டை எடு என்று சொல்வதற்கானது. கணவர் லிஃப்ட் மெக்கானிக். “மேல் மாடிக்கு ஒரு குரல், கீழ்த்தளத்துக்கு ஒரு குரலா வெச்சிருக்கே” என்று கேலி செய்வார்.

அவள் அறையில் நாலு பிள்ளைகள். சொந்தப் பெயர் போடக் கூடாது என்பதால் ஆளுக்கொரு பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். ராக்கெட் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டான். அரைப்பல்லுக்கு முன்பல் பாதி உடைந்திருந்தது. அது எப்படி உடைந்தது என்பதற்கு அவள் வாரத்துக்கு ஒரு கதை வைத்திருந்தாள். டிராக்டர் மேசையைத் தட்டித் தாளம் போடுவான், பேச்சு குறைவு. நாலாவது நத்தை. பத்து வயதுப் பெண். எதையும் ஆற அமரச் செய்வாள்; கேட்ட கேள்விக்குப் பதில் வர நேரமாகும். அதனால் அவளே வைத்துக்கொண்ட பெயர்.

நாலு பேரும் நாலு வீட்டில். குரல் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போய்ச் சேரக் கண் இமைக்கிற நேரம் பிடிக்கும். பேச்சுக்கு அது பரவாயில்லை, பாட்டுக்கு ஆகாது. நாலு பேர் சேர்ந்து பாடினால் சந்தைக்கடைதான். அதனால் கும்மாளத்தில் யாரும் சேர்ந்து பாடுவதில்லை. ஒருத்தர் பாடும்போது சிவப்பு விளக்கு எரியும். அப்போது எல்லார் காதிலும் டிக் டிக் என்று தாளம் மட்டும் கேட்கும், வேறு சத்தம் வராது. பாடி முடித்ததும் அந்தக் குரல் ஒரு துண்டாகித் திரைக்கு அடியில் இருக்கும் தட்டில் விழும். தட்டில் விழுந்ததை, அறை மூடியிருக்கிற நேரத்திலும், யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், வெட்டலாம், இழுக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கலாம். இப்படி அடுக்கி அடுக்கித்தான் பாட்டு.

இதில் ஒரு சங்கடம் உண்டு. சிவப்பு விளக்கு எரியும்போது எந்த மைக் திறந்திருந்தாலும் அதில் விழுகிற சத்தமும் துண்டாகித் தட்டுக்கு வந்துவிடும். பொறுப்பாளருடையதும்தான். விளக்கு சிவந்தால் மைக்கை மூடு என்பது பயிற்சியில் சொல்லித்தந்த முதல் பாடம். ஒரு பொத்தான்; ஒரு தடவை அமுக்கினால் மூடும், மறுபடி அமுக்கினால் திறக்கும்.

அந்த வாரம் புதுப் பாட்டு ஆரம்பித்திருந்தார்கள். தொடக்கத்தில் “ஆ…” என்று ஒரு நீண்ட இழுப்பு. அதை நத்தை கேட்டு வாங்கிக்கொண்டாள். பாடினாள். சுருதி ஒரு பக்கம் போக, நத்தை ஒரு பக்கம் போனாள். “இன்னொரு தடவை அத்தை” என்றாள். அதற்குப் பிறகும் இன்னொரு தடவை. மறுபடியும். கதவு அத்தைக்குக் காது மட்டும் எப்போதும் கூர்மை. தெருமுனைக் குழாய் சொட்டினால் வீட்டில் தூக்கம் வராது அவளுக்கு. தேன் குரலில் “அழகா இருக்கும்மா, இன்னொண்ணு பார்க்கலாமா?” என்று சொல்லிச் சொல்லித் தாடை வலித்தது. மறுபடி விளக்கு சிவந்தது. பேசி முடித்ததுமே மூடிவிட்டிருந்த மைக்கை, மூடுகிறேன் என்று நினைத்து இன்னொரு தடவை அமுக்கினாள்.

அந்த நேரம் பார்த்துக் கணவர் டீ கொண்டுவந்தார். ஹெட்செட்டின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு அவரிடம் திரும்பி, வீட்டுக் குரலில் சொன்னாள்: “இந்த நத்தை வாயைத் திறந்தா எனக்குப் பல் கூசுது. உனக்குப் பாட்டு வராதுன்னு யாராவது சொல்லித் தொலைச்சா நல்லா இருக்கும்.”

அவர் சிரித்தார். லிஃப்ட் குழிக்குள் நின்று சிரித்துப் பழகிய சிரிப்பு, ஹெஹ் ஹெஹ் ஹே என்று மூன்று மாடிக்குக் கேட்கும்.

மறுநாள் அவள் கதவைத் திறந்ததும் ராக்கெட் உள்ளே பாய்ந்தான்.

“அத்தை! தட்டுல ஒரு சூப்பர் துண்டு கிடந்துச்சு. நானும் டிராக்டரும் வெட்டி ஒட்டியிருக்கோம், கேளுங்க!”

ஓட்டினான். டிராக்டரின் மேசைத் தாளம் முதலில் வந்தது. அதன்மேல் ஒரு பெண் குரல்: பல்கூசுது, பல்கூசுது, பல்கூசுது. நடுநடுவே ஹெஹ் ஹெஹ் ஹே. தாளத்தில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. அரைப்பல் நாற்காலியில் குதித்துக் குதித்து ஆடினாள்.

கதவு அத்தை சட்டென்று முன்னால் குனிந்தாள். தட்டைப் பார்த்தாள். பிள்ளைகளின் வண்ணத் துண்டுகளுக்கு நடுவே ஒரு சாம்பல் துண்டு, பொறுப்பாளர்களுக்குரிய நிறத்தில், முழுசாக அப்படியே கிடந்தது.

“சாம்பல் கலரா இருக்கே, உங்களுதா அத்தை?” என்றாள் அரைப்பல்.

சொல்லியிருக்கலாம். ஆமாம் கண்ணு, நான்தான், வாய் தவறிப் பேசிவிட்டேன் என்று அந்த நிமிஷமே சொல்லியிருந்தால் அவமானம் அந்த நிமிஷத்தோடு போயிருக்கும். ஆனால் அவள் கண், நாலாவது கட்டத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்த நத்தையின் முகத்துக்குப் போனது.

“எங்க வீட்டு டிவி. சத்தம் என் மைக்குல ஏறிடுச்சு போல” என்றாள் தேன் குரலில்.

பிள்ளைகள் நம்பினார்கள். ஏன் நம்ப மாட்டார்கள்? அந்தக் கட்டைக் குரலில் அவள் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் குரல் அவளுடையது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு வழியே இருக்கவில்லை. இது அவளுக்கு உறைத்தபோது முகம் சுட்டது.

நத்தையின் கேள்வி வழக்கம்போல் தாமதமாக வந்தது. “அத்தை, முழுத் துண்டையும் கேட்டேன். அதுல நத்தைன்னு வருதே?”

“ஆமாம்மா. பொம்மைப் படம் அது. அதுல ஒரு நத்தை வரும்.”

“அது பாடுமா?”

“…பாடும்.”

“என்னை மாதிரியா?”

“அது சும்மா தமாஷுக்கும்மா.”

நத்தையின் முகம் மெள்ள மெள்ள மலர்ந்தது. தன்னைப் போலவே ஒரு நத்தை, டிவியில், வாயைத் திறந்தால் எல்லாருக்கும் பல் கூசுகிற நத்தை! “படம் பேரென்ன அத்தை?”

“சட்டுன்னு ஞாபகம் வரலைம்மா. வந்ததும் சொல்றேன்.”

பிள்ளைகள் போனபின் முதல் வேலையாகச் சாம்பல் துண்டைத் தட்டிலிருந்து அழித்தாள். அழிக்கும்போதுதான் பார்த்தாள், அதற்கு ஒரு பிரதி ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தது. எடுத்தது நத்தை.

கணவரிடம் சொன்னபோது அவர் காதில் ஒரு பாதிதான் ஏறியது. “என் சிரிப்பு பாட்டுல வருதா? நிஜமாவா?”

“ஏங்க, நான் என்ன சொல்லிட்டிருக்கேன், நீங்க என்ன கேக்கறீங்க!”

“இல்லம்மா, நான் பாட்டுக்குச் சிரிச்சேன். அது பாட்டுக்கே ஆயிடுச்சுன்னா சந்தோஷமா இருக்காதா?” என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் டம்ளரைக் கீழே வைத்தார். “சரி, அந்தப் பொண்ணுக்குத் தெரியாதில்ல? விடு. ரெண்டு நாள்ல மறந்துடும்.”

மறக்கவில்லை. மறப்பதற்குப் பதிலாக நத்தை அதில் இறங்கிவிட்டாள். “ஆ…” பாடுவதை நிறுத்திவிட்டு, அந்தப் பொம்மைப் படத்து நத்தையாக நடிக்க ஆரம்பித்தாள். முதுகில் தலையணையைக் கட்டிக்கொண்டு தரையில் ஊர்ந்து வருவாள். கேமரா பக்கத்தில் வந்ததும் தொண்டை தெரிய வாயைத் திறப்பாள். திறந்த வாய்க்குச் சரியாக, பல்கூசுது, பல்கூசுது. ராக்கெட்டும் அரைப்பல்லும் காதைப் பொத்திக்கொண்டு நாற்காலியிலிருந்து விழுவார்கள். டிராக்டர்கூட வாய்விட்டுச் சிரித்தான். பாட்டின் நடுநாயகமே அவள்தான் என்றாகிவிட்டது. அறைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் பெண் அவ்வளவு வேகமாகப் பேசிக் கதவு அத்தை பார்த்ததில்லை.

கதவைத் திறந்ததும் தினமும் ஒரே கேள்வி. “அத்தை, பேர் ஞாபகம் வந்துச்சா?”

“இன்னும் இல்லைம்மா.”

“நானும் அப்பாவும் தேடினோம். ஆமை கிடைச்சுது. நத்தை கிடைக்கலை.”

பாத்திரம் கழுவும்போதும் மாடிப்படி ஏறும்போதும் கதவு அத்தையின் மனசுக்குள் அவள் குரலே தாளம் போட்டது. யாரைப் பற்றியாவது முதுகுக்குப் பின்னால் ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் யார் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். நத்தை சுருதி தப்பிப் பாடினாள் என்பது உண்மைதானே என்றும் சொல்லிப் பார்த்தாள். உண்மைதான். உண்மையாக இருந்ததால் அது இன்னும் கேவலமாகத் தோன்றியது. பத்து வயதுப் பிள்ளை தனக்கு வராத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துக்கொண்டிருந்தபோது, தான் டீயை வாங்கிக்கொண்டு அதற்கு ஒரு சிரிப்பு வாங்கப் பார்த்திருக்கிறோம். ஒரு நாள் பெற்றோர் எழுதுகிற இடத்தில் நத்தையின் அம்மா எழுதியிருந்தாள்: ‘அந்தப் படத்தின் பெயரைத் தயவுசெய்து சொல்லுங்கள். இவள் தூக்கத்தில்கூடக் கேட்கிறாள். உங்களுக்கு ரொம்ப நன்றி, இவள் இவ்வளவு கலகலப்பாக இருந்ததே இல்லை.’ அந்த நன்றியை அவள் இரண்டு முறை படித்தாள். பதில் எழுதவில்லை.

சனிக்கிழமை எல்லா வீட்டாருக்கும் பாட்டைப் போட்டுக் காட்டுவதாக ஏற்பாடு. அதற்கு முந்தின வாரம் மேற்பார்வை பார்க்கிற பையன் கூப்பிட்டான். அவனை அவள் தம்பி என்பாள், அவன் அவளை அக்கா என்பான். வயதைக் கணக்குப் போட்டால் இரண்டுமே சரிவராது.

“அக்கா, உங்க அறைப் பாட்டு அட்டகாசம். ஆனா ஒரு சிக்கல். அந்தப் பல்கூசுது எங்கேயிருந்து எடுத்தது?”

“டிவி.”

“என்ன படம்?”

“அது வந்து… பேர் ஞாபகம் இல்லை தம்பி.”

“அப்ப போட முடியாதுக்கா. அடுத்தவங்க படத்துலேருந்து எடுத்த குரலைப் போட்டா கம்பெனி தலையில விழும். சொந்தக் குரல்னா பிரச்சினை இல்லை. அந்தத் துண்டை எடுத்துடச் சொல்லுங்க.”

அந்தத் துண்டை எடுத்தால் பாட்டே இல்லை. நாலு பிள்ளைகளும் அதைச் சுற்றித்தான் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தார்கள். தலையணை ஓட்டோடு ஊர்ந்து வருகிற நத்தை எதற்கு வாயைத் திறப்பாள்?

அவள் திரும்பிக் கம்பளியைப் பார்த்தாள். பிறகு, “டிவி இல்லை தம்பி. அது என் குரல்” என்றாள்.

“அடடே! நீங்களா? இவ்வளவு கட்டைக் குரலா உங்களுக்கு!” என்று சிரித்தான் அவன். “அப்ப கவலையே இல்லை. முழுத் துண்டு இருந்தா அனுப்புங்க, பதிவு பண்ணிக்கிறேன்.”

“என்கிட்ட இல்லை. அழிச்சுட்டேன். மேலே உங்ககிட்ட இருக்கும்.”

அவன் தேடி எடுத்துக் கேட்டான். கேட்டு முடித்தபின் அவனிடமிருந்து சிரிப்பு வரவில்லை. திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். தன் மகன் வயதுப் பையன் அதைப் பதிவில் ஏற்றிக்கொண்டான்.

“பாட்டு முடிவுல யார் யார் குரல்னு தானாவே பேர் ஓடும்கா. ‘கதவு’ன்னு வந்துடும். அதுக்கு முன்னாடி நீங்களே பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க” என்றான் கடைசியில்.

அன்று சாயங்காலம் அவள் ஹெட்செட்டை மாட்டினாள், தேன் குரலை மாட்டவில்லை. நாலு கட்டத்திலும் முகங்கள் வந்தபின் சொன்னாள்.

“பிள்ளைங்களா, ஒரு விஷயம். அந்தப் பல்கூசுது டிவி இல்லை. நான் பேசினது. மைக் திறந்திருந்தது தெரியாம எங்க வீட்டுக்காரர்கிட்ட பேசிட்டேன். சிரிச்சது அவர்தான். உங்ககிட்ட டிவின்னு பொய் சொன்னேன். தப்பு.”

அந்தக் குரலை அவர்கள் உடனே அடையாளம் கண்டுகொண்டார்கள். அத்தனை நாள் வெட்டியும் ஒட்டியும் கேட்ட குரலாயிற்றே.

“ஐயோ அத்தை! நீங்களேதானா?” ராக்கெட் கை தட்டினான். “இன்னொரு தடவை சொல்லுங்க, இன்னொரு தடவை!”

“அந்த மாமா பேரென்ன?” என்றாள் அரைப்பல்.

“லிஃப்ட் மாமான்னு வெச்சுக்கோ.”

டிராக்டர் மேசையைத் தட்டினான். அவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஒரு நொடி அவளுக்கும் மார்பிலிருந்து ஒரு கல் இறங்கியது போல இருந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை நாள் என்றுகூட நினைத்துவிட்டாள்.

நத்தையின் குரல் எல்லார் சத்தமும் அடங்கிய பிறகு வந்தது.

“அப்ப அந்தப் படம் இல்லையா அத்தை?”

“இல்லைம்மா.”

“அந்த நத்தை?”

“இல்லைம்மா.”

அந்தப் பெண் யோசித்தாள். அவள் யோசிப்பதை எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதுகில் தலையணை கட்டியபடியே இருந்தது.

“அப்ப நான்தானா?” என்றாள்.

கதவு அத்தை அப்போதுதான் தான் செய்ததைப் பார்த்தாள். பொய் சொன்னபோது அந்தப் பெண்ணுக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருந்தாள். இத்தனை நாளும் அவள் ஆடியது வேறொரு நத்தையின் ஆட்டம். இப்போது தான் மனசாட்சியைக் கழுவிக்கொள்வதற்காக அந்த நத்தையைத் திரையிலிருந்து பிடுங்கி, அதன் இடத்தில் பத்து வயதுப் பிள்ளையையே உட்காரவைத்துவிட்டாள். தலையணையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து, தன்னைப் பற்றிச் சொன்ன கேலிக்குத் தானே வாயசைத்தவள் அவள்.

“மன்னிச்சுக்கோ கண்ணு” என்று ஆரம்பித்தாள். நாலாவது கட்டம் கறுத்துவிட்டது.

அறையில் ஒரு சட்டம் உண்டு: ஒரு பிள்ளை செய்த துண்டு அந்தப் பிள்ளைக்குச் சொந்தம், எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். இரவுக்குள் நத்தையின் எல்லாத் துண்டுகளும் பாட்டிலிருந்து போய்விட்டன. அவள் ஊர்ந்து வந்த இடங்களிலெல்லாம் கறுப்புச் சதுரம் நின்றது. வாய் இல்லாமல் குரல் மட்டும் பல்கூசுது, பல்கூசுது என்று அந்தக் கறுப்பிலிருந்து வந்துகொண்டிருந்தது. கதவு அத்தை பாட்டிலிருந்த தன் குரலையும் எடுத்துவிட்டாள். மிஞ்சியது டிராக்டரின் தாளமும் ஒரு மனிதரின் சிரிப்பும்.

சனிக்கிழமைக் காட்சி தள்ளிப் போயிற்று. நத்தை வரவில்லை. காத்திருக்கும் இடம் காலியாக இருப்பதை அவள் நிமிஷத்துக்கு ஒரு தடவை திறந்து பார்த்தாள். அம்மாவுக்கு எழுதினாள்; நடந்ததை மறைக்காமல், சுற்றி வளைக்காமல். பதில் ஒரு வரியில் வந்தது: ‘அவள் சொன்னாள்.’ அவ்வளவுதான். முன்பு வந்த நன்றிக்கு மேலேயே அது நின்றது.

மற்ற மூன்று பேரும் வந்தார்கள், ஆனால் கும்மாளம் இல்லை. ராக்கெட் ஒரு நாள் கேட்டான்: “ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?” குற்றம் சாட்டுகிற கேள்வி இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்டான். பல் பிடுங்க வந்த பிள்ளைகளின் எந்தக் கேள்விக்கும் அவளிடம் ஒரு பதில் இருந்தது. இதற்கு உள்ளதைத்தான் சொல்ல முடிந்தது.

“சிரிக்க வைக்கிறதுக்குடா” என்றாள்.

“யாரை?”

“எங்க வீட்டுக்காரரை.”

அவன் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, “நானும் எங்க அக்காவைப் பத்தி அப்படிச் சொல்லுவேன்” என்றான். “அவளுக்குத் தெரிஞ்சா அடிப்பா.”

பிறகொரு நாள் நத்தை வந்து நின்றாள். தலையணை இல்லை. கதவு அத்தை கதவைத் திறந்தாள். நத்தை பேசாமல் திரையில் எழுதினாள், ஒவ்வொரு எழுத்தாக: ‘நான் பாடணும். அத்தை கேக்கக் கூடாது.’

மற்றவர்கள் உடனே பிடித்துக்கொண்டார்கள். “அத்தை, ஹெட்செட்டைக் கழட்டுங்க!”

கழற்றினாள். இனி அவர்கள் சொல்வது காதில் விழாது. ‘கேமரா முன்னாடி பிடிங்க’ என்று ராக்கெட் எழுதினான். ‘ரெண்டு கையாலயும். கீழே இறக்கக் கூடாது.’

பிளாஸ்திரி ஒட்டிய ஹெட்செட்டை இரண்டு கையாலும் கேமராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். விளக்கு சிவந்தது. நத்தையின் வாய் திறந்தது. திரைக்கு அடியில் அவள் குரலின் கோடு எழும்பியது, நடுங்கியது, கீழே வந்தது, மறுபடி எழுந்து நெடுநேரம் நின்றது. விளக்கு அணைந்ததும், தட்டில் விழுந்த துண்டை அவர்கள் ஓட்டிக் கேட்டார்கள். டிராக்டர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தான். அரைப்பல் கையால் வாயைப் பொத்தினாள். சிரிக்கிறாளா, வேறு ஏதாவதா என்று இவளுக்குப் பிடிபடவில்லை. சுவர்க்கடிகாரமும் தண்ணீர்க் குழாயும்தான் கேட்டன.

கணவர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா இது, திருடி மாதிரி கையைத் தூக்கிட்டு?”

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். ஆமாம் என்றும் வைத்துக்கொள்ளலாம், போங்கள் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

‘இன்னொரு தடவை’ என்று நத்தை எழுதினாள். தோள்பட்டை கடுத்தது, கையை இறக்கவில்லை. இன்னொரு தடவை, அதற்குப் பின் இன்னொரு தடவை. நடுவில் நாலு பேரும் ஆளுக்கு ஒருமுறை வாயைக் குவித்தும் அகட்டியும் எதையோ ஒன்றைப் பாடினார்கள். உதட்டைப் பார்த்தே தெரிந்தது. பல் கூசுது.

முடிந்த பாட்டு அவளுக்கு வந்தது. கேட்டுவிட்டு மேலே அனுப்ப வேண்டும். அதுதான் அவள் வேலை. கேட்கிற பொத்தான் கையருகே இருந்தது. வீட்டில் அப்போது ஆள் இல்லை. அவள் தம்பியைக் கூப்பிட்டாள்.

“இந்த ஒரு பாட்டை மட்டும் நீங்க கேட்டு அனுப்பிடுங்க தம்பி.”

“ஏன்க்கா, காது வலியா?”

“காது நல்லாத்தான் இருக்கு. எனக்கு அனுமதி இல்லை.”

“யாரு குடுக்கலை?”

“நத்தை.”

அவன் பாட்டை ஓட்டிக் கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, “பேர் இல்லை, முகவரி இல்லை, எல்லாம் சரியா இருக்கு. அனுப்பிட்டேன்கா” என்றான். வேறு ஏதாவது சொல்வான் என்று அவள் போனை வைக்காமல் இருந்தாள். அவன் வைத்துவிட்டான்.

காட்சி நாளன்று கணவர் தன் போனில் பார்த்தார். பாட்டின் முடிவில் ஓடுகிற பெயர்களில் ‘சிரிப்பு: லிஃப்ட் மாமா’ என்று வரும் என்று அரைப்பல் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்தாள். கதவு என்று எங்கும் வராது. அவர் காதில் இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். அவள் கொடியில் காய்ந்த துணியை எடுக்கப் போய்விட்டாள். உள்ளே அவர் சிரிப்பது கேட்டது, ஹெஹ் ஹெஹ் ஹே. அப்புறம் சிரிப்பு நின்றது.

போர்வையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது அவர் வாசல் நிலையில் வந்து நின்றிருந்தார். இயர்ஃபோன் கையில் தொங்கியது.

“ஏம்மா, அந்தப் பொண்ணு…” என்று ஆரம்பித்தார்.

“சொல்லாதீங்க” என்றாள்.

அவர் போர்வையின் மறுமுனையைப் பிடித்தார்.